வகுப்பு மாறிய பாடம்

பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற அந்த வாத்தியாருக்குச் சராசரி என்று பேர். பெற்றவர்கள் வைத்ததல்ல. அவர் நடத்துகிற பாடத்தை வைத்து மாணவர்கள் வைத்தார்கள், ஆளைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். நெட்டை இல்லை, குட்டை இல்லை. கறுப்பு இல்லை, சிவப்பு இல்லை. கூட்டத்தில் தொலைந்துபோனால் அடையாளம் சொல்லித் தேட முடியாத ஆள். காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் என்னவென்று திரும்பிப் பார்ப்பார்.

வேலை ஒப்பந்த வேலை. விடுமுறை விட்டால் வேலை போய்விடும், திறக்கும்போது கையெழுத்துப் போட்டால் திரும்ப உயிர் வரும். இப்படிச் செத்துச் செத்துப் பிழைத்தே தலை நரைத்துவிட்டது. நிரந்தர வேலைக்காரர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்ட வகுப்பெல்லாம் அவர் தலையில்தான் விழும். விடிந்தும் விடியாமல் ஒன்று, பிள்ளைகள் உண்ட மயக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற நேரத்தில் ஒன்று, சாயங்காலம் வீட்டு நினைப்பில் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று. அதுபோக விடைத்தாள் கட்டு. மூட்டை தூக்குகிறவன் குடோனில் இறக்கிவிட்டால் அப்புறம் அவன் முதுகு அவனுடையது. வாத்தியாருடைய மூட்டை வீட்டுக்குக் கூடவே வரும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரும், படுக்கையில் இடம் கேட்கும்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவு வேலை. இவர் வரும்போது அவள் கிளம்புவாள், அவள் வரும்போது இவர் கிளம்புவார். எதிரெதிரே போகிற இரண்டு ரயில் ஒரே ஸ்டேஷனில் நின்று மூச்சு வாங்குகிற மாதிரிதான் குடும்பம். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். இருவருக்கும் நடுவில் அவள் வீட்டுச் சாவி மாதிரி கைமாறிக்கொண்டிருந்தாள். இவருக்கு நேரமானால் கீழ்வீட்டு அக்காவிடம் இருப்பாள். நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பட்டை கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். எனக்கு நிரந்தரம் ஆனதும் நீ பகல் வேலைக்கு மாறிக்கொள் என்று வாத்தியார் சொல்லிச் சொல்லி, அந்தப் பேச்சு வீட்டில் நாற்காலி மேசை மாதிரி ஒரு சாமானாகிவிட்டது. பகல் வேலைக்கு மாறினால் கையில் வருவது குறையும், இவர் சம்பளம் நிலையாக இருந்தால்தான் தாங்கும்.

அந்த வருஷம் துறையில் ஒரே ஒரு இடம் நிரந்தரமாகிறது என்று அறிவிப்பு வந்தது. கேட்டதும் மனைவி துள்ளிக் குதிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஹெட் நர்சுகிட்ட பகல் டூட்டிக்கு இப்பவே சொல்லி வைக்கட்டுமா?"

சொல்லி வை என்றார் வாத்தியார்.

அந்த இடத்துக்குப் போட்டியாக இன்னொருவரும் இருந்தார். இவருடைய அறையையே, இவருடைய மேசையின் எதிர்ப்பக்கத்தையே பங்கிட்டுக்கொண்டவர். அவரும் ஒப்பந்தம்தான். அவருக்குச் சமாதானம் என்று பேர். இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் நடுவில் போய் நின்று, "சரி விடுப்பா, சமாதானமா போவோம்" என்பார். ஒருமுறை கேன்டீனில் பூனையும் நாயும் உறுமிக்கொண்டபோதும் இதையே சொன்னார் என்று ஒரு கதை உண்டு. சமாதானத்தின் அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் அவருடைய வகுப்பையெல்லாம் வாத்தியார்தான் எடுத்தார். ஆபீசுக்குத் தெரியாது. ஒருத்தர் வகுப்பை இன்னொருத்தர் எடுப்பதற்கு ஒப்பந்தக்காரர்களிடம் பேச்சும் கிடையாது கணக்கும் கிடையாது. முட்டுக் கொடுப்பது என்பார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் சமாதானம் வீட்டோடு ஒட்டினார். மனைவி அவரை அண்ணா என்றாள். அவர் அவளைத் தங்கச்சி என்றார். தங்கச்சி புருஷன் என்ற முறையில் வாத்தியார் மாப்பிள்ளை ஆனார், அவர் மச்சான் ஆனார். நிரந்தர இட அறிவிப்பு வந்த அன்றைக்கு மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார். யாருக்குக் கிடைத்தாலும் நம்ம மேசைக்குத்தானே கிடைக்கிறது, இதுக்காக முகம் கோணக் கூடாது என்றார். வாத்தியாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

இதற்கு நடுவில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு. ஆசிரியர்களுக்கு மன அழுத்தம் கூடிவிட்டதாம், அதைக் குறைக்க நலக் குழு அமைக்க வேண்டுமாம். கூட்டத்தை ஒரு சனிக்கிழமை வைத்தார்கள். வராதவர்களுக்கு விளக்கம் கேட்கப்படும் என்றும் போட்டிருந்தார்கள். விடுமுறையைப் பிடுங்கி ஓய்வைப் பற்றிப் பேசின கூட்டம் உலகத்திலேயே அதுதான் முதலாக இருக்கும்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பயிற்சிக்கு வந்த அம்மாள் கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னாள். எல்லோரும் இழுத்தார்கள். அதற்குள் அவளுக்கு ஒரு போன் வந்து வெளியே போய்விட்டாள். விடச் சொல்ல ஆளில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நூலகர் மட்டும், "விடலாமா, இல்ல இப்படியே செத்துடலாமா?" என்றார். எல்லோரும் சிரித்து மூச்சு விட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் துறைத்தலைவர் அனுப்பிய செய்தி எல்லார் சட்டைப்பையிலும் ஒரே நேரத்தில் நடுங்கியது. மதிப்பெண்களை இன்று சாயங்காலத்துக்குள் ஏற்ற வேண்டும். தலைவரும் அந்த வட்டத்தில்தான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எந்தக் கையால் அனுப்பினாரோ.

குழுவுக்கு ஓர் அமைப்பாளர் வேண்டும் என்றபோது எல்லாக் கண்ணும் சமாதானத்தின் பக்கம் போனது. அவரும் எழுந்து நின்று, இங்கே பேசுவது இந்தச் சுவரைத் தாண்டாது, மனசில் இருப்பதைக் கொட்டுங்கள் என்று உருக்கமாகப் பேசினார். யாரும் பெரிதாக எதையும் கொட்டவில்லை. தூக்கம் சரியில்லை, கழுத்து வலி, இப்படி. ஒப்பந்தக்காரன் தலைவர் எதிரில் நெஞ்சைத் திறந்து காட்டுவானா? வாத்தியாரும் கண் எரிச்சல் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சொல்லாமல் விட்டது வேறு. வேலை முடிந்து வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வருவார். ஸ்கூட்டரில் ஏறி உட்காருவார். ஹெல்மெட்டை மாட்டுவார். சாவியைத் திருப்ப மாட்டார். பக்கத்து வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் போகும், இவர் அப்படியே உட்கார்ந்திருப்பார். வீட்டின்மேல் வெறுப்பெல்லாம் இல்லை. அந்த இடத்தில் அவரை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை, அப்பா என்றும் கூப்பிடுவதில்லை. அவ்வளவு போதுமாயிருந்தது. இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பயம், பைத்தியமேதானோ என்று அதைவிடப் பயம்.

நேர்காணலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது இது. முதல் நாள் மகளுக்குக் காய்ச்சல், மனைவிக்கு வேலை, விடைத்தாள் கட்டு வேறு, சரியான தூக்கம் இல்லை. காலையில் வாத்தியார் வகுப்புக்குள் போனார், கரும்பலகையைத் துடைத்தார், பாடத்தைத் தொடங்கினார். அன்றைக்கு நாக்கில் என்னவோ பாடம் அருவி மாதிரி கொட்டியது. ஒரு கூற்றை எடுத்துக்கொள்வது, மெய்யா பொய்யா என்று சோதிப்பது, எந்த இடத்தில் அதைத் தள்ளிவிடுவது என்று பலகை நிறைய எழுதித் தள்ளினார். பிள்ளைகளும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது. பலகையை அழிக்கத் திரும்பியபோதுதான் சன்னல் ஓரத்தில் வேறு மரம் தெரிந்தது. இது கடைசி வருஷ வகுப்பு இல்லை. வந்து சேர்ந்து கொஞ்ச நாளே ஆன முதல் வருஷப் பிள்ளைகள். சராசரியை எப்படிப் போடுவது என்றே இனிமேல்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடைசி வருஷப் பாடத்தை முழுசாக முதல் வருஷத்துக்கு நடத்தி முடித்திருக்கிறார். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் வேறு போகும்போது, "இன்னைக்குத்தான் சார் நல்லா புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேன்டீனில் மச்சானிடம் இதைச் சொன்னார். சொல்லச் சொல்ல மச்சானுக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது. "புரிஞ்சுதுன்னா சொன்னா? அவள மொதல்ல வேலைக்கு எடுங்கடா" என்றார். சிரித்து ஓய்ந்ததும், மூக்கைத் துடைத்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். போன தேர்வில் அவர் ஒரே விடைத்தாள் கட்டை மறந்துபோய் இரண்டு தடவை திருத்தியிருக்கிறார். முதல் தடவை போட்ட மதிப்பெண்ணும் இரண்டாம் தடவை போட்டதும் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. முதலில் தோற்றவன் பிறகு பாஸ், முதலில் பாஸானவன் பிறகு அவுட். என்ன செய்வது, இரண்டில் எது கூடுதலோ அதை ஏற்றிவிட்டேன், பிள்ளைகள் பிழைத்துப்போகட்டும் என்றார். இப்போது வாத்தியார் சிரித்தார். அவ்வளவு சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. தன்னைப்போல் இன்னொருத்தனும் தண்ணீரில்தான் நிற்கிறான் என்று தெரிந்ததே அவருக்குக் கரை மாதிரி இருந்தது.

நேர்காணல் நாள் வந்தது. சமாதானம் முதலில் உள்ளே போய்விட்டு வந்து, "ஒண்ணுமில்ல மாப்ள, தங்கமான மனுஷங்க" என்று தோளைத் தட்டினார். வாத்தியார் உள்ளே போனார். தலைவர், வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, கூடவே, பேசாமல் எழுதிக்கொண்டே இருந்த ஓர் ஆள். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் நன்றாகச் சொன்னார். பேராசிரியை தலையாட்டினாள். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, மகனிடம் பேசுகிற மாதிரி கேட்டாள்.

"ஒரு வகுப்புப் பாடத்த இன்னொரு வகுப்புல நடத்திட்டீங்களாமே?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்றார். பொய் சொல்லத் தோன்றவில்லை. அந்த நொடியில் அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

தலைவர் இன்னும் கனிவாகக் கேட்டார். வேலை முடிந்தும் வண்டி நிறுத்துகிற இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்களாம், வீட்டில் ஏதும் பிரச்சினையா, வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லையா என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் உடம்பும் மனசும் எங்களுக்கு முக்கியம் என்றார். தண்ணீர் டம்ளரை இவர் பக்கம் நகர்த்தி வைத்தார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பார். அந்த டம்ளரைத்தான் தாங்க முடியவில்லை.

வெளியே வந்தவர் மச்சானிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று பயந்தார். மனசே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு வாதாடியது. பிள்ளைகள் யாராவது பெற்றவர்களிடம் சொல்லியிருப்பார்கள், அவர்கள் தலைவரிடம் சொல்லியிருப்பார்கள். வண்டி நிற்கிற இடத்துக் காவலாளி பார்த்திருப்பான். பார்த்தால் சொல்ல மாட்டானா? முடிவு வரும் வரைக்கும் தினமும் எதிர் எதிரே உட்கார்ந்து சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். மச்சான் பழைய மாதிரியே ஜோக்கடித்தார். வாத்தியாரும் சிரித்தார், சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

முடிவு வந்தது. இடம் சமாதானத்துக்கு.

தலைவர் வாத்தியாரைத் தனியாகக் கூப்பிட்டார். உங்கள் ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் உங்கள் நலனை உத்தேசித்து வகுப்புகளைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம், அதற்குத் தகுந்தபடி சம்பளம் இருக்கும், நன்றாக ஓய்வெடுங்கள் என்றார். ஏதோ பரிசு கொடுக்கிற முகம். கழுத்தில் இருக்கிற பாரத்தை இறக்குகிறேன் என்று கழுத்தோடு சேர்த்து இறக்கிய கதை அது. வாத்தியார் எழுந்தபோது தலைவர் மனசாரச் சொன்னார்:

"உங்க நண்பர்தான் உங்களப் பத்தி ரொம்பக் கவலப்பட்டாரு. நேர்காணலுக்கு முந்தின நாள் இங்கயே வந்து உக்காந்து கண் கலங்கிட்டாரு. இப்படி ஒரு நண்பர் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் சார்."

மனசுக்குள் இருந்த வக்கீல் அத்தோடு எழுந்து போய்விட்டான்.

அறையில் சமாதானம் மேசையின் தன் பக்கத்தை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். நிரந்தரமானவர்களுக்குத் தனி அறை, மாற வேண்டும். வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து கட்டிப்பிடிக்க வந்தவர், முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றார். வாத்தியார் உட்காரவில்லை. கத்தவும் இல்லை. ஏன் சொன்னாய் என்று மட்டும் கேட்டார்.

சமாதானம் ஏகப்பட்டதைச் சொன்னார். நலக் குழு அமைப்பாளர் என்ற முறையில் யாருக்கு வேலைப்பளு அதிகம் என்று தலைவர் கேட்டாராம், கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னால் உன் பாரத்தைக் குறைப்பார்கள் என்றுதான் சொன்னாராம். அதை நேர்காணலில் எடுப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். நீ இப்படியே போனால் ஒருநாள் வகுப்பிலேயே விழுந்துவிடுவாய், உன் நல்லதுக்குத்தான் மாப்பிள்ளை என்று கண் கலங்கினார். அந்தக் கண்ணீர் பொய் என்று வாத்தியாரால் சொல்ல முடியவில்லை. அதுதான் கொடுமை. நிஜமாகவே வந்தது.

"ஒரே கட்ட ரெண்டு தடவ திருத்துனியே மச்சான். அதையும் சொன்னியா?"

சமாதானம் கையிலிருந்த பேனாக்களை டப்பாவில் போட்டார். ஒன்று வெளியே விழுந்தது. எடுத்துப் போட்டார்.

"அது சும்மா... சிரிப்புக்குச் சொன்னது மாப்ள."

"நானும் சிரிப்புக்குத்தான சொன்னேன்."

அறைக்குள் மாட்டிக்கொண்ட குருவி எந்தப் பக்கம் பறக்கும் என்று தேடுகிற மாதிரி சமாதானத்தின் கண் அறையைச் சுற்றியது. பிறகு ஒரு பக்கம் கிடைத்துவிட்டது.

"வண்டில உக்காந்திருக்கறத நீ எங்கிட்ட சொன்னியா? இல்லல்ல? உன் பொண்டாட்டிதான் போன் பண்ணிச்சு. 'அண்ணா, அவருக்கு வேலையக் கொறைக்கச் சொல்லுங்க, எனக்குப் பயமா இருக்கு'ன்னு அழுதுச்சு. தங்கச்சி கேட்டதத்தான் நான் செஞ்சேன். எம்மேல ஏன் கோவப்படற?"

அடித்தது மச்சான்தான் என்று தெரிந்திருந்தது. இப்போது, அடித்த கழியில் மனைவியின் கை ரேகையும் இருக்கிறது என்று காட்டிவிட்டார். வாத்தியார் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்கு வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கக்கூட முடியவில்லை. நேரே வீட்டுக்கு வந்தார். மனைவி வேலைக்குப் போகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இவ்வளவு சீக்கிரம் இவரைப் பார்த்ததில் மனைவிக்கு ஆச்சரியம், முகம் மலர்ந்தது. வாத்தியார் செருப்பைக் கழற்றாமலே, இடம் அவனுக்குப் போய்விட்டது என்றார்.

மலர்ந்த முகம் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் மனசை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்குத்தான? போகட்டும், வெளியாளுக்குப் போகலயே" என்றாள். அவருக்கு அது நெருப்பை வைத்த மாதிரி இருந்தது. மகளைக் கீழ்வீட்டு அக்காவிடம் போய் விளையாடச் சொல்லிவிட்டு, நேர்காணலில் கேட்டதையும் தலைவர் சொன்னதையும் அறையில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, நீ எதற்கு அவனுக்குப் போன் பண்ணினாய் என்றார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இடுப்புப் பட்டை கையிலேயே இருந்தது.

"நான் டூட்டிக்குப் போற பஸ்ஸு உங்க வண்டி நிக்கற எடத்து வழியாத்தான் போகுது. வேலியோரமா நீங்க உக்காந்திருப்பீங்க, ஹெல்மெட்கூட கழட்டாம. இன்னைக்கு இல்ல நேத்து இல்ல. எறங்கிப் போய்க் கேக்கலாம்னு ஒவ்வொரு நாளும் நெனப்பேன். டூட்டிக்கு நேரமாயிடும். உங்ககிட்ட கேட்டா இல்லம்பீங்க. யார்கிட்ட போய்ச் சொல்ல? அண்ணான்னு நெனச்சுச் சொன்னேன். பாரத்தக் கொறைங்கன்னுதான் சொன்னேன். ஆளக் கொறைங்கன்னு சொல்லல."

தனக்குத் தெரியாமல் தன்னை அவள் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள் என்பது வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. தன்னிடம் கேட்காமல் அவனிடம் போய்ச் சொன்னாளே என்பது அந்த வெட்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. அவள் பண்ணினது துரோகம் இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது. மனசுக்குத்தான் தெரியவில்லை.

மனைவியின் போன் அடித்தது. சமாதானம்தான். அவள் எடுத்தாள். அந்த முனையில் தங்கச்சி என்று தொடங்கி வெகுநேரம் பேச்சு ஓடியது. அவள் குறுக்கிடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, சாதாரணக் குரலில், டாக்டரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

"சரிங்க சார். வேணாம் சார், வீட்டுக்கெல்லாம் வர வேணாம். நான் டூட்டிக்குக் கெளம்பணும், வச்சிடறேன் சார்."

போனை வைத்துவிட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டாள். ஒரு பக்கக் கொக்கி மாட்ட வரவில்லை. வாத்தியார் எழுந்து போய் மாட்டிவிட்டார். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"எம்மேலயும் கோவந்தான?"

"ஆமா."

"சரி" என்றாள். அவள் கை அவர் தோளில்தான் இருந்தது. எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினாள். ஷிப்டு மாறுகிற நேரம். பகல் வேலை முடிந்த நர்சுகள் பையை மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசியபடி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி இவளைப் பார்த்து, அடுத்த மாசத்திலிருந்து நீயும் எங்க கூட்டந்தானே என்று கேட்டுவிட்டுப் போனாள். இவள் அவளுக்குத் தலையை ஆட்டிவிட்டு, வாத்தியாரிடம் திரும்பினாள்.

"ஹெட் நர்ஸ் உள்ளதான் இருப்பாங்க. பகல் டூட்டிய வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லிடறேன். பாப்பாவுக்கு ராத்திரி மருந்து ஒண்ணு பாக்கி இருக்கு, மறந்துடாதீங்க."

வாத்தியார் சரி என்றார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். மேல்படிக்குப் போனதும் மூச்சு வாங்கக் கொஞ்சம் நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.